ரீல்ஸும் போதையும்: பதின்வயதுப் பிள்ளைகளின் மனசு மாறும் விதமும் பெற்றோர் செய்ய வேண்டியதும்

பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பீர் பாட்டிலைக் கையால் தொடுவதற்கு ரொம்ப முன்னாலேயே குடியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. ‘இது பெரிய விஷயமில்லை’, ‘எல்லாரும் செய்வதுதான்’, ‘காலேஜ் போனதும் நானும்’. யாரும் உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினைந்து வினாடி வீடியோவாக, நண்பனின் ஸ்டேட்டஸாக, சிரிக்க வைக்கும் மீமாக, இரண்டு மூன்று வருஷம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது.

பெற்றோரின் கவலை பெரும்பாலும் செயலைப் பற்றியதாகவே இருக்கிறது: குடித்தானா, புகைத்தாளா, பையில் ஏதாவது இருக்கிறதா. அதற்கு முந்தைய கட்டத்தில், எண்ணம் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில், நம்மால் செய்யக்கூடியது நிறைய உண்டு. அங்கே செய்தால் பாடும் குறைவு. இந்த வழிகாட்டி அந்தக் கட்டத்துக்கானது. 11 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரையும், அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கம் இருப்பதாகத் தெரிந்தால் நேராக 8-ஆம் படிக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

படி 1: ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

எதையும் தடுப்பதற்கு முன்னால் பிள்ளை என்ன பார்க்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். போனைப் பிடுங்கிச் சோதனை போடச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னைக்கு எது நல்லா இருந்துச்சு, எனக்கும் காட்டு” என்று கேளுங்கள். காட்டும்போது முகம் சுளிக்காதீர்கள், பிரசங்கம் செய்யாதீர்கள். முதல் வாரம் முழுக்கப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

அப்படிப் பார்த்தால் மது, புகை, போதை பற்றிய விஷயங்கள் நாலைந்து வேஷத்தில் வருவது தெரியும்.

முதலாவது சினிமாத் துண்டு. கதாநாயகன் பாட்டிலோடு நடந்து வருவது, காதல் தோற்றவன் மொட்டை மாடியில் குடிப்பது, கும்பலாகக் குடித்து ஆடும் பாட்டு. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சினிமாவில் புகைக்கும் காட்சி வரும்போது திரையின் கீழே எச்சரிக்கை வரி காட்ட வேண்டும் என்ற விதி 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து அதுபோன்ற விதி ஓடிடிக்கும் உண்டு. குடிக்கும் காட்சிக்கும் அப்படி ஒரு வரி போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே காட்சியை யாரோ ஒருவர் போனுக்கு ஏற்றபடி செங்குத்தாக வெட்டி ரீல்ஸாகப் போடும்போது படத்தின் நடுப்பகுதிதான் மிஞ்சுகிறது. ஓரத்தில் இருந்த எச்சரிக்கை பாதி வெட்டுப்பட்டுப் போகும், அல்லது மேலே ஒட்டிய பாட்டு வரிக்குப் பின்னால் மறைந்துவிடும். கதையில் அந்தப் பாத்திரம் பின்னால் பட்ட கஷ்டமும் போய்விடும். மிச்சம் இருப்பது ஸ்லோமோஷன், பின்னணி இசை, ஒரு பஞ்ச் வசனம். தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தவர் பார்த்ததும், பிள்ளை போனில் பார்த்ததும் ஒன்றல்ல.

இரண்டாவது மீம். ‘சனிக்கிழமை வந்தா சரக்கு’, ‘சோகம்னா குவாட்டர்’ என்ற ரகம். இவற்றைப் பகிர்கிறவர்களில் பலர் குடிப்பதே இல்லை, சிரிப்புக்காகத்தான் பகிர்கிறார்கள். ஆனால் ‘மனசு கஷ்டம் என்றால் மருந்து இது’ என்ற பாடம் சிரிப்போடு சேர்ந்து பதிந்துவிடுகிறது. என் பார்வையில் சினிமாத் துண்டைவிட இதுதான் ஆழமாக வேலை செய்கிறது. சிரித்த விஷயத்தை யாரும் எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை.

மூன்றாவது தெரிந்தவர்களின் படம். சீனியர் அண்ணன் பாண்டிச்சேரி டூரில் எடுத்த ஸ்டோரி, பக்கத்துத் தெருப் பையனின் பிறந்தநாள், சொந்தக்கார அண்ணனின் பேச்சிலர் பார்ட்டி. நான்காவது, பொருளை விற்பதற்கென்றே எடுக்கப்பட்டது. ஐந்தாவது, நேராக விற்பனைக்கு அழைக்கும் செய்தி. கடைசி இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

படி 2: மனசு எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். பின்னால் பிள்ளையோடு என்ன பேசுவது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பெர்க்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் கல்லூரி மாணவர்களிடம் ஒன்றைக் கவனித்தார்கள். ‘நீ குடியைப் பற்றி என்ன நினைக்கிறாய்’ என்று கேட்டால் பெரும்பாலோர் நிதானமான பதில் சொன்னார்கள். ‘மற்ற மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்’ என்று கேட்டால், மற்றவர்கள் எல்லாம் தங்களைவிடத் தாராளமாகக் குடியை ஏற்றுக்கொள்கிறார்கள் என்றார்கள். இல்லாத ஒரு பெரும்பான்மையை எல்லாரும் மனதில் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கு ஏற்ப நடக்கவும் முயன்றார்கள். இது ஸ்மார்ட்போன் வருவதற்கு ரொம்ப முன்னால்.

இன்றைக்கு அந்தத் தவறான கணக்கைப் போன் பல மடங்காக்குகிறது. சனிக்கிழமை ராத்திரி வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய நாற்பது பேர் ஸ்டோரி போடுவதில்லை. குடித்த இரண்டு பேர் போடுகிறார்கள். பிள்ளையின் கண்ணில் படுவது அந்த இரண்டு பேர் மட்டும்தான். இதோடு ஆப்பின் வேலையும் சேர்ந்துகொள்கிறது. சின்னப் பையன் எந்த மிட்டாயைப் பார்த்து ஒரு நொடி நின்றான் என்று கவனித்து, மறுநாள் அதையே முன்வரிசையில் அடுக்கி வைக்கும் பெட்டிக்கடைக்காரர் மாதிரி, எந்த வீடியோவில் விரல் தயங்கியதோ அதே ரகத்தை அது மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டும். லைக் போட வேண்டும் என்றுகூட இல்லை. தயங்கியதே போதும்.

லைக் எண்ணிக்கைக்கும் தனிச் சக்தி இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 18 வயதுக்குட்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூளை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையைக் காட்டினார்கள். ஒரே படத்தைச் சிலருக்கு நிறைய லைக்கோடும் சிலருக்குக் குறைந்த லைக்கோடும் காட்டினார்கள். லைக் கூடுதலாக இருந்தால் பிள்ளைகளும் லைக் போட்டார்கள். சிகரெட், மது இருக்கும் படங்களிலும் இதேதான் நடந்தது. அந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது, ‘பொறு, யோசி’ என்று நம்மைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளின் இயக்கம் குறைந்ததும் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. ஆனால் பிள்ளையைப் பழி சொல்வதற்கு முன்னால் நினைவில் வைக்க வேண்டிய ஆய்வு.

இன்னொன்று, கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்ற உணர்வு. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் ஒரு கார் ஓட்டும் வீடியோ விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். தனியாக விளையாடும்போது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இன்று நண்பர்கள் பக்கத்தில் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. பாக்கெட்டிலேயே இருக்கிறார்கள்.

பெற்றோர் கூட்டங்களில் நான் கட்டாயம் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் எல் மான்டே என்ற ஊரின் பள்ளிகளில் 1,563 பத்தாம் வகுப்பு மாணவர்களை 2010 அக்டோபரிலும் 2011 ஏப்ரலிலும் கேள்வி கேட்டார்கள். முடிவு 2014-இல் வந்தது. இணையத்தில் எத்தனை நண்பர்கள், எவ்வளவு நேரம் என்பது பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. நண்பர்கள் குடித்துக் கொண்டாடும் படங்களைப் பார்த்தார்களா என்பதுதான் காட்டியது. அதிலும், நெருங்கிய நண்பர்கள் யாரும் குடிக்காத பிள்ளைகளிடம் அந்தப் படங்களின் பாதிப்பு அதிகமாக இருந்தது. ‘என் பையனோட சேர்க்கை நல்ல சேர்க்கை’ என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளுக்கு இது முக்கியமான சேதி. நேரில் பார்த்த அனுபவம் இல்லாத பிள்ளைக்குப் படம் ஒன்றுதான் ஆதாரம். மறுநாள் காலை வாந்தியையும் அப்பாவிடம் வாங்கிய அடியையும் அது பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போதைப்பழக்க ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தினமும் சமூக வலைத்தளம் பார்க்கும் பிள்ளைகள் புகையிலை தொடும் வாய்ப்பு ஐந்து மடங்கு, மது மூன்று மடங்கு என்று அது சொன்னது. எண் மிரட்டுகிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பதால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று ஆகிவிடாது. வெளியே சுற்றும் சுபாவமுள்ள பிள்ளை இரண்டையும் செய்யலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் வாதாடப் போனால் கூகுள் தெரிந்த பிள்ளை இரண்டு நிமிஷத்தில் உங்களை மடக்கிவிடும். அதோடு உங்கள் பேச்சின் மதிப்பும் போய்விடும்.

படி 3: இதில் யாருக்குக் காசு என்று காட்டிக்கொடுங்கள்

பதின்வயதுப் பிள்ளைக்குத் தன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் பிடிக்காது. உடம்பு கெடும் என்ற பேச்சைவிட இது சீக்கிரம் எடுபடும்.

இந்தியாவில் தொலைக்காட்சியில் மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. அதனால்தான் மது நிறுவனங்கள் அதே பெயரில் சோடா, தண்ணீர் பாட்டில், இசை நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்கின்றன. பெயர், எழுத்து, நிறம் எல்லாம் அதுவே. கிரிக்கெட் பார்க்கும்போது இதைப் பிள்ளையிடமே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சோடாவுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று அதுவே கேட்கும். வலைத்தளத்தில் வேஷம் இன்னும் நைஸாக இருக்கிறது. ஓர் இன்ஃப்ளூயன்சர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா கதை பேசுவார். அதற்குக் காசு வாங்கினாரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

ஜூல் என்ற அமெரிக்க இ-சிகரெட் நிறுவனத்தின் கதையைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லலாம். 2015-இல் அழகான இளைஞர்களை வைத்து, பளிச்சென்ற நிறங்களில் விளம்பரம் தொடங்கியது, இன்ஸ்டாகிராமில் பரவியது. அப்புறம் நிறுவனம் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போனது. பிள்ளைகளே வீடியோ எடுத்துப் போட்டார்கள். அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் இ-சிகரெட் பிடிப்பவர்கள் 2017-இல் 11.7 சதவீதம், அடுத்த ஆண்டே 20.8 சதவீதம். 2022-இல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு ஏறக்குறைய 44 கோடி டாலருக்கு அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஆனால் நிக்கோட்டினுக்குப் பழகிப்போன பிள்ளைகள் அதற்குள் பழகிவிட்டார்கள்.

இந்தியாவில் இ-சிகரெட் 2019 முதல் முழுக்கத் தடை. வைத்து விற்பதும் குற்றம், விளம்பரம் செய்வதும் குற்றம். ‘வேப்’ என்ற பெயரில் பழ வாசனையோடு புகை வளையம் விடும் வீடியோவைப் பார்க்கும் பிள்ளைக்கு இது பெரும்பாலும் தெரியாது. ‘அது வெறும் ஃப்ளேவர்தான்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் பள்ளிகளில் அதைவிட அதிகம் புழங்குவது உதட்டுக்கு அடியில் வைக்கும் கூல் லிப் மாதிரியான சின்னப் பொட்டலங்கள். மிட்டாய் மாதிரி நிறம், புதினா வாசனை. உள்ளே இருப்பது புகையிலை.

படி 4: பேசுங்கள், ஆனால் கேள்வியாகப் பேசுங்கள்

‘குடித்தால் காலை உடைப்பேன்’ என்பது பேச்சு இல்லை. அதைக் கேட்ட பிள்ளை குடியை நிறுத்துவதைவிட மறைப்பதைக் கற்றுக்கொள்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ‘எங்க காலத்தில்’ என்று ஆரம்பித்தாலும் காது மூடிவிடும். முதல் வாரம் பார்த்ததிலிருந்து ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு, பிள்ளையே கணக்குப் போடும்படி கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனும் அம்மாவும் பேசினால் இப்படிப் போகலாம்:

“இதுக்கு எவ்ளோ லைக்டா?”

“நாலு லட்சம்மா.”

“ம். உன் கிளாஸ்ல எத்தனை பேரு?”

“நாப்பத்திரெண்டு.”

“அதுல குடிச்சுப் பார்த்தவங்க எத்தனை பேரு இருப்பாங்க? சும்மா ஒரு கணக்குக்குச் சொல்லு.”

“ஒரு… இருபது பேராவது இருக்கும்மா.”

“நீ கண்ணால பார்த்தது?”

“ரெண்டு பேரு. இல்ல, ஒருத்தன்தான். இன்னொருத்தன் சும்மா அளந்து விடுவான்.”

“அப்போ மீதிப் பத்தொன்பது பேர் எங்கேர்ந்துடா வந்தாங்க?”

இதோடு விட்டுவிடுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அந்தப் பத்தொன்பது பேரும் போனிலிருந்து வந்தவர்கள் என்று அவனுக்கே விளங்கும். அன்றைக்கு இல்லாவிட்டால் நாலு நாள் கழித்து.

பெண் பிள்ளைகளிடம் பேச்சு வேறு வழியில் போகும். பெண்கள் குடிப்பதைச் ‘சுதந்திரம்’ என்று காட்டும் வீடியோக்கள் ஒரு பக்கம், அதே வீடியோவுக்குக் கீழே அசிங்கமாகத் திட்டும் கமென்ட்டுகள் இன்னொரு பக்கம். இரண்டையும் அவள் படிக்கிறாள். ‘பொம்பளைப் பிள்ளைக்கு இது அழகா’ என்று நாம் ஆரம்பித்தால் அந்தக் கமென்ட் போட்டவர்களின் பக்கம் நின்றுவிடுகிறோம். அப்புறம் நாம் சொல்வது எதுவும் அவள் காதில் ஏறாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி வையுங்கள், ஒரே காரணம் சொல்லுங்கள்: மூளையின் நிதானிக்கும் பகுதி முழுதாக வளர்வது இருபதுகளின் நடுவில்தான். அதுவரை எந்தப் போதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், விடுவது கஷ்டம்.

பிள்ளை எதிர்த்துக் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். ‘கஞ்சா இயற்கை மூலிகைதானே, வெளிநாட்டில் சட்டப்படி விற்கிறார்களே’ என்பது இப்போது எல்லாப் பிள்ளைகளும் கேட்பது. உண்மையைச் சொல்லுங்கள். கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் பெரியவர்களுக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. அங்கேயும் பிள்ளைகளுக்கு விற்றால் குற்றம்தான். பதின்வயதில் அடிக்கடி புகைப்பது ஞாபகசக்தியையும் கவனத்தையும் கெடுக்கும், மனச்சிதைவு வரும் வாய்ப்பைக் கூட்டும். இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ‘பீர் லைட்தானே, கொஞ்சமாகக் குடித்தால் நல்லதுதானே’ என்று கேட்டால், எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னதைச் சொல்லலாம். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது 1988-இலேயே. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்பதும் விதி.

தெரியாத கேள்வி வந்தால் ‘எனக்குத் தெரியல, சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

படி 5: போனில் செய்ய வேண்டியவை

இது அரை மணி நேர வேலை. பிள்ளையை வைத்துக்கொண்டே செய்யுங்கள். திருட்டுத்தனமாக உளவு ஆப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தெரியவந்த அன்றைக்கே இரண்டாவது அக்கவுன்ட் முளைக்கும்.

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். நிறைய பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் பெரியவர்களுக்கான எல்லாமே அவர்களுக்கும் வரும். சரியான வயது இருந்தால் ‘டீன் அக்கவுன்ட்’ தானாக அமையும். இந்தியாவில் இது 2025 தொடக்கத்தில் வந்தது. அக்கவுன்ட் பிரைவேட்டாக இருக்கும், அறிமுகமில்லாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி 10 மணி முதல் காலை 7 மணி வரை நோட்டிஃபிகேஷன் அடங்கியிருக்கும். 16 வயதுக்குள் இருப்பவர்கள் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும்.

அப்புறம், பிடிக்காத ரீல்ஸ் வந்தால் மூன்று புள்ளியைத் தொட்டு ‘நாட் இன்ட்ரெஸ்டட்’ கொடுக்கப் பழக்குங்கள். குறிப்பிட்ட சொற்கள் வரும் பதிவுகளை மறைக்கவும் அமைப்பில் இடம் இருக்கிறது. ‘சரக்கு’, ‘குவாட்டர்’, ‘வேப்’ போன்ற சொற்களைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போட்டு வையுங்கள். பரிந்துரைகள் ரொம்பக் கெட்டுப்போயிருந்தால் அவற்றை மொத்தமாக அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதியும் உண்டு. யூடியூபில் பார்த்தவற்றின் பட்டியலை அழித்தாலே பாதி மாறிவிடும். டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ‘என்னை குரூப்பில் யார் சேர்க்கலாம்’ என்பதை ‘என் கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். ராத்திரி போன் சார்ஜ் ஏறுவது ஹாலில். அம்மா அப்பா போனும் அங்கேதான்.

இவ்வளவு செய்தும் வரத்தான் செய்யும். இந்த அமைப்புகள் வருவதைக் குறைக்கும், அவ்வளவுதான். நாலாவது படிதான் மருந்து.

படி 6: விற்கிறவர் எந்த வழியில் வருகிறார் என்று சொல்லிக்கொடுங்கள்

பெற்றோருக்கு இதைப் பேசவே பயம். பேசினால் வழி காட்டுவதுபோல ஆகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். பிள்ளைக்குப் பெரும்பாலும் முன்பே தெரியும். நமக்குத்தான் தெரியாது.

நேராக ‘வாங்குகிறாயா’ என்று யாரும் கேட்பதில்லை. கொடைக்கானல் போதைக் காளான் பற்றி ஒரு ‘டிராவல்’ வீடியோ, கீழே கமென்டில் ஒருவர் ‘டிஎம்’ (தனி மெசேஜ் அனுப்பு) என்று மட்டும் எழுதியிருப்பார். அந்தக் காளானை விற்றதற்காகக் கைதானவர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. கஞ்சாவுக்கு இலைப் படம், மாத்திரைக்கு மிட்டாய்ப் படம் என்று எமோஜியில் பேசுவார்கள். அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை இந்த எமோஜிகளைத் தொகுத்துப் பெற்றோருக்காகவே ஒரு பட்டியல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் கடும் வலிக்குக் கொடுக்கும் மாத்திரைகளைப் போதைக்காக இளைஞர்களிடம் விற்றவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். ‘டாக்டர் கொடுக்கிற மாத்திரைதானே’ என்று பிள்ளை சாதாரணமாக நினைத்துவிடும். மூச்சை நிறுத்திவிடக்கூடியது அது.

மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தால் போதும். முதல் தடவை இலவசமாகக் கொடுப்பவர் நண்பர் இல்லை. ‘இதை அங்கே கொண்டுபோய்க் கொடு, ஐந்நூறு தருகிறேன்’ என்றால் அது வேலை இல்லை, சிறையில் மாட்டிவிடும் வழி. யாராவது மிரட்டினால் என்ன தப்பு செய்திருந்தாலும் முதலில் வீட்டில் சொல், திட்ட மாட்டோம். இந்த மூன்றாவதைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும்.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கும், பிள்ளையை வைத்து விற்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. பிரிவுகள் 77, 78. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 10581 என்ற தமிழ்நாடு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் இலவச எண்ணில் புகார் சொல்லலாம். விற்கிறவரோடு நீங்களே சாட் செய்து மடக்கப் பார்க்க வேண்டாம்.

படி 7: நம் ஸ்டேட்டஸையும் பாருங்கள்

வீட்டு விசேஷத்தில் மாமாவும் சித்தப்பாவும் ஒதுக்குப்புறமாகப் போய்க் குடித்துவிட்டு வருவது, அதைப் பற்றி எல்லாரும் சிரிப்பது, மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதே படத்துக்குக் கேலி. பிள்ளை அதே குரூப்பில்தான் இருக்கிறது. வெளியாள் போடும் நூறு ரீல்ஸைவிட, பாசம் வைத்திருக்கும் மாமாவின் ஒரு படம் கனமானது. குடிக்கும் பெரியவர்கள் உள்ள வீடாக இருந்தால் குறைந்தபட்சம் மூன்று காரியம் செய்யலாம்: படம் போடாமல் இருப்பது, பிள்ளையைக் கடைக்கு அனுப்பாமல் இருப்பது, ‘டென்ஷன், அதான்’ என்று காரணம் சொல்லாமல் இருப்பது. அந்தக் காரணம்தான் மீமில் வருகிற அதே பாடம்.

முடிந்தால் பக்கத்து வீடுகளோடும் பேசுங்கள். ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒரு தடவையாவது போதையாகும்வரை குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பயமுறுத்தும் பிரசாரத்தால் வந்த மாற்றம் இல்லை இது. பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் கற்க அரசு செலவு செய்தது, ராத்திரி வெளியே சுற்ற நேர வரம்பு வைத்தது, பெற்றோர்கள் கூடிப் பேசி எல்லா வீட்டுக்கும் ஒரே விதி என்று ஒப்புக்கொண்டார்கள். ‘அவன் வீட்டில் மட்டும் விடுகிறார்களே’ என்ற வாதமே இல்லாமல் போனது. ஐஸ்லாந்தின் பணம் நமக்கு இல்லைதான். ஆனால் ஒரு தெருவில் ஆறு வீட்டுப் பெற்றோர் கூடி, ராத்திரி பத்துக்கு மேல் போன் கிடையாது, சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டு என்று முடிவு செய்யப் பணம் எதற்கு? மாலை நாலரைக்கும் ஏழுக்கும் நடுவில் வேறு வேலை இருக்கும் பிள்ளை போனை நோண்டுவதும் குறைவு.

படி 8: பழக்கம் ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால்

தூக்கம் தலைகீழாவது, திடீரென்று காசு குறைவது, பழைய நண்பர்களை விடுவது, கண் சிவப்பு, மதிப்பெண் சரிவது, பாத்ரூமில் ரொம்ப நேரம், கையில் ஊசித் தடம், சட்டையில் ஒயிட்னர் அல்லது பஞ்சர் பசை வாசனை. இவற்றில் சிலது சாதாரண வயசுக் கோளாறாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்து, சில வாரம் நீடித்தால் விடக்கூடாது.

பிள்ளை போதையில் இருக்கும்போது கேட்காதீர்கள். மறுநாள் தெளிந்த பிறகு, ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். “பாப்பா, நான் கோபத்துல கேக்கல. எனக்குப் பயமா இருக்கு, அதான் கேக்கறேன்” என்று அப்பா சொன்னால் மகள் வாய் திறக்க வாய்ப்பு உண்டு. ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. மயக்கம், மூச்சுத் திணறல், எழுப்பினால் எழாமல் இருப்பது என்றால் பேச்செல்லாம் அப்புறம், உடனே 108. என்ன சாப்பிட்டது என்று தெரிந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உதவிக்கு: போதை மீட்புக்கான தேசிய எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிட 1098. எல்லாமே இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் போகலாம். சென்னையில் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை இந்தத் துறையில் பழைய அனுபவம் உள்ளது. உறுதிமொழி வாங்கிக்கொண்டு அடித்துக் கட்டி வைக்கும் ‘மையங்களில்’ பிள்ளையை விடாதீர்கள். சேர்ப்பதற்கு முன்னால் அரசு அங்கீகாரம் இருக்கிறதா, மனநல மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

‘ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்ற பயத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. உபயோகித்தது, அல்லது சிறிய அளவு வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டு உள்ளவரே தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முழுமையாகச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தர 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது.

படி 9: சிகிச்சைக்குப் பிறகு போனைத் திருப்பிக் கொடுக்கும்போது

பலரும் விட்டுவிடும் படி இது. பிள்ளை தேறி வீட்டுக்கு வருகிறது, பழைய போனும் பழைய நம்பரும் அப்படியே கைக்குப் போகின்றன. திறந்ததும் அதே குரூப், அதே ரீல்ஸ், ‘எங்கடா ஆளையே காணோம்’ என்ற அதே மெசேஜ். தூண்டுவதற்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஆலோசகரோடு சேர்ந்து முடிவு செய்து நம்பரை மாற்றுங்கள். முடிந்தால் சில மாதம் பட்டன் போன் போதும். பாடத்துக்கு நெட் வேண்டும் என்றால் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ உங்கள் போனிலோ பார்க்கட்டும். இன்ஸ்டாகிராம் திரும்ப வேண்டும் என்று கேட்டால் பழைய அக்கவுன்டைத் திறக்க வேண்டாம். சரியான வயதோடு புதிது தொடங்கி, யாரைத் தொடர்வது என்பதைப் பிள்ளையே எழுதிக் காட்டட்டும். கால்பந்தோ கோலமோ கிடாரோ, எது பிடிக்குமோ அதிலிருந்து ஆரம்பித்தால் ஆப்பும் அதையே கொண்டுவரத் தொடங்கும். வகுப்பு ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லி வையுங்கள், முழு ஸ்டாஃப் ரூமுக்கும் தெரிய வேண்டியதில்லை. நடுவில் ஒரு தடவை சறுக்கினால் அது சிகிச்சை தோற்றதாக அர்த்தம் இல்லை. இந்த நோயில் அது நடக்கக்கூடியதுதான். அன்றைக்கே ஆலோசகருக்குப் போன் போட்டு, அடுத்த சந்திப்பை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள்.